கடித்த பாம்பை அடித்துக்கொண்டு போக வேண்டுமா? வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

*கேள்வி: அண்ணருடைய மகன் இரவு வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில் வரம்பில் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். விச ஊசி போடவே இல்லை. ஒரு நாள் முழுக்கப் படுக்க வைத்துவிட்டுத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊசி கையிருப்பில் இல்லை, அதுதான் போடவில்லை என்று ஊரில் கதை. பாம்பை அடித்துக்கொண்டு போயிருந்தால் போட்டிருப்பார்களா?*
— வாசகர், ஒட்டுசுட்டான்

பாம்பைக் கொண்டு போயிருந்தாலும் போட்டிருக்க மாட்டார்கள். பிள்ளையின் உடலில் விசம் ஏறியதற்கான அறிகுறி தெரிந்தால்தான் ஊசி. அது தெரியவில்லை என்றால் போடாமல் விட்டதுதான் சரியான வைத்தியம்.

2012, 2013 ஆண்டுகளில் இலங்கை முழுவதும் 44,000 வீடுகளுக்கு மேல் ஏறி இறங்கி ஓர் ஆய்வு நடந்தது. அதன்படி நாட்டில் வருடத்துக்கு ஏறக்குறைய 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. விசம் ஏறுவது அதில் 30,000 பேருக்கு. இறப்பவர்கள் 400 பேரளவில். பத்துக் கடியில் ஆறு விசமில்லாத பாம்பாகவோ விசம் இறக்காத கடியாகவோ போய்விடுகிறது. விசகடி வைத்தியரிடம் போய்ச் சுகமானவர்களின் கதை ஒவ்வொரு ஊரிலும் ஏன் இருக்கிறது என்பதற்கும் இந்தக் கணக்கே பதில். அந்த ஆறு பேரும் எங்கே போனாலும் சுகமாகியிருப்பார்கள். ஆய்வு காட்டிய இன்னொன்று, ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருக்கும் கடிகளைவிட வீடுகளில் சொல்லப்பட்ட கடிகள் மிக அதிகம் என்பது. எந்த மாவட்டத்துக்கு எத்தனை குப்பி மருந்து என்பதைப் பதிவேட்டை மட்டும் பார்த்துத் தீர்மானித்தால் எங்கே பிழை வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஊசியை ஏன் எல்லோருக்கும் போடுவதில்லை? குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து அது. நமக்கு வருவது இந்தியாவில், இந்தியப் பாம்புகளின் விசத்தைக் கொண்டு செய்தது. ஏற்றும்போது உடல் தடித்து அரிப்பது, மூச்சு இழுப்பது, பிரஷர் விழுவது எல்லாம் இங்கே அடிக்கடி நடக்கின்றன. இதைக் குறைக்க வழி தேடி இலங்கை ஆஸ்பத்திரிகளில் 1,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய பரிசோதனையின் முடிவு 2011இல் வெளிவந்தது. மருந்து ஏற்றுவதற்குச் சற்று முன் 0.25 மில்லிகிராம் அட்ரினலின் தோலுக்கடியில் போட்டால், முதல் ஒரு மணி நேரத்தில் வரும் கடுமையான ஒவ்வாமை 43 வீதம் குறைந்தது. வழமையாகப் போட்டுவந்த மற்ற இரண்டு மருந்துகளும் அந்தப் பலனைத் தரவில்லை. உலகம் முழுவதும் படிக்கிற ஆய்வு இது, நம்முடைய வார்டுகளில் நடந்தது.

அண்ணரின் மகனை அந்த ஒரு நாளில் சும்மா படுக்க வைத்திருக்கவில்லை. இரத்தம் 1 அல்லது 2 மில்லிலீற்றர் எடுத்து, காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பிறகு ஒரு தடவை சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணீர்போல ஓடினால் பெரும்பாலும் புடையனின் (கண்ணாடி விரியனின்) விசம் ஏறியிருக்கிறது. சின்ன வேலைதான், ஆனால் பிழை விட இடம் உண்டு. பிளாஸ்ரிக் குழாயில் விட்டாலோ கழுவிய குழாயில் சவர்க்காரம் மிஞ்சியிருந்தாலோ நல்ல இரத்தமும் உறையாது. 20 நிமிடத்துக்கு முன்னமே தூக்கிப் பார்த்தாலும் பிழையான முடிவுதான். முதல் தடவை உறைந்தாலும் சில மணிநேரம் கழித்துத் திரும்பச் செய்ய வேண்டும். இதனோடு கண்ணிமை தொங்குகிறதா, சலம் போகிறதா, முரசில் இரத்தம் கசிகிறதா என்று 24 மணிநேரம் பார்ப்பார்கள். அதற்கு முன் துண்டு வெட்டச் சொல்லிக் கேட்காதீர்கள்.

இனிப் பாம்பின் விடயம். அடிக்கப் போய் இரண்டாவது கடி வாங்குபவர்கள் உண்டு. செத்த பாம்பின் தலையும் கொஞ்ச நேரம் கடிக்கும். தள்ளி நின்று செல்போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விடுங்கள். நாகம், எண்ணெய் விரியன் என்கிற கட்டுவிரியன், முத்திரைப் புடையன் என்கிற கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான். படம் உதவுவது முக்கியமாக ஒரு பாம்புக்கு: மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறிய விரியன். அதற்கு இந்த மருந்து வேலை செய்யாது, போட்டால் ஒவ்வாமை மட்டும்தான் மிச்சம்.

கடித்த உடனே மோதிரம், காப்பு, கொலுசு, மணிக்கூட்டைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும். கடிபட்ட காலையோ கையையோ தடி வைத்து, முறிவுக்குக் கட்டுவதுபோலத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். நடக்க விடாதீர்கள். கயிறு, சாறத்துணி கொண்டு இறுக்கிக் கட்டுவது புடையன் கடிக்கு மிகக் கெடுதல்: விசம் ஓரிடத்தில் தங்கித் தசையை அழுகவைக்கும். கீறுவது, உறிஞ்சுவது, கல் வைப்பது எதுவும் வேண்டாம். நோவுக்கு பரசிற்றமோல் போதும். டைக்ளோபினாக், அஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், வடக்கில் இது 2018இலிருந்து இருக்கிறது. அது வரப் பிந்தும் காட்டோரக் கிராமமென்றால் மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடிப்பவருக்கும் நடுவில் கடிபட்டவரை இருத்திக் கொண்டு போகலாம். வாந்தி எடுப்பவரையோ மயங்குபவரையோ அப்படி ஏற்ற வேண்டாம். இடது பக்கம் சரித்துப் படுக்க வைத்து வேறு வாகனம் பிடியுங்கள்.

எண்ணெய் விரியனைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது வயலில் கடிப்பதைவிட நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவரைக் கடிப்பதே கூட. நோவு இருக்காது, பல் அடையாளமும் தெரியாமல் போகலாம். விடியப்புறம் வயிற்று நோவோடு எழும்பி, இமை தொங்கி, விழுங்க ஏலாமல் வந்தால் அதுதான். ஊசி போட்ட பிறகும் கண் திறக்கவில்லை, மருந்து சரியில்லை என்று உறவினர் சண்டைக்குப் போவதும் இந்தக் கடியில்தான். இரத்தத்தில் ஓடும் விசத்தை மருந்து பிடிக்கும். நரம்பின் நுனியை விசம் ஏற்கனவே சிதைத்துவிட்டால் அது திரும்ப வளர நாட்கள் எடுக்கும். அதுவரை செயற்கைச் சுவாசம்தான் ஆளைக் காப்பாற்றும். கட்டில் இல்லாத வீட்டில் நுளம்பு வலையைப் பாயின் கீழே நாலு பக்கமும் செருகிவிட்டுப் படுங்கள். இதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை.

*கேள்வி: எங்கள் பக்கம் சிறுநீரக நோய் கூட. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் போதுமா, கான் தண்ணீர்தான் வாங்க வேண்டுமா? எனக்குப் பிரஷரும் இல்லை, சலரோகமும் இல்லை. சலம் சோதித்தேன், ஒன்றுமில்லை என்றார்கள். நிம்மதியாக இருக்கலாமா?*
— வாசகி, நெடுங்கேணி

கடைசிக் கேள்வியே முக்கியம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறோம். சலச் சோதனை மட்டும் போதாது.

சலரோகத்தால் வரும் சிறுநீரக நோயில் சலத்தில் புரதம் நேரத்தோடு தெரியும். 1990களில் அனுராதபுரப் பக்கம் கண்டறியப்பட்டு, எல்லையைத் தாண்டி வவுனியா, முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் காணப்படுகிற, காரணம் தெளிவாகாத நோய் வேறு விதம். வடிகட்டும் பகுதியைவிட அதைச் சூழ்ந்த நுண்குழாய்களை அது முதலில் கெடுக்கிறது. அதனால் ஆரம்பத்தில் புரதம் போகாது, பிரஷரும் ஏறாது. கால் வீங்கி, சாப்பாடு மறுத்து ஆஸ்பத்திரிக்கு வரும்போது பாதிக்கு மேல் போயிருக்கும்.

கேட்க வேண்டிய சோதனை, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியற்றினின் இரத்தத்தில் எவ்வளவு என்பது. அந்த இலக்கத்தை அப்படியே பார்த்துப் பயப்படவும் வேண்டாம், திருப்திப்படவும் வேண்டாம். கிரியற்றினின் 1.2 என்பது 30 வயது ஆணுக்குச் சிறுநீரக வேலைத்திறன் ஏறக்குறைய 83 என்று காட்டும். அதே 1.2 ஒரு 60 வயதுப் பெண்ணுக்கு 52. முதலாமவருக்குக் கவலை இல்லை, இரண்டாமவருக்கு 60இலும் குறைவு. ஆகவே வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட வேலைத்திறனைக் கேளுங்கள். சில ஆய்வுகூடங்கள் 1.2 (mg/dL) என்பதை 106 (µmol/L) என்று வேறு அலகில் தரும், துண்டில் அலகைப் பாருங்கள். வெயிலில் முழுநாள் வேலை செய்த மறுநாளோ வயிற்றோட்டத்தோடோ போய் இரத்தம் கொடுத்தால் அளவு கூடக் காட்டும். முதல்நாள் இறைச்சியும் வேண்டாம். ஒரு தடவை கெட்டிருந்ததை மட்டும் வைத்து நாட்பட்ட நோய் என்று முடிவு செய்ய முடியாது. மூன்று மாதம் கழித்தும் கெட்டிருந்தால்தான் நாட்பட்ட நோய் என்று பெயர்.

இது ஆண்களின் நோய் என்ற நினைப்பும் முழுக்கச் சரியில்லை. உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து செய்து 2013இல் வெளியான ஆய்வில், நோயுள்ள பகுதிகளில் பெண்களில் 16.9 வீதத்தினருக்கும் ஆண்களில் 12.9 வீதத்தினருக்கும் அறிகுறி இருந்தது. முற்றிய கட்டத்தில்தான் ஆண்கள் கூட.

காரணம் என்ன? கடினநீரும் புளோரைட்டும், பீடைகொல்லிகள், கட்மியம், வெயிலில் உடல் வற்றுவது, பரம்பரை என்று பல பக்கமும் ஆய்வுகள் நடந்துள்ளன. ஒரு காரணத்தில் அவை இன்னும் ஒத்துப்போகவில்லை. அரசு 2015இல் கிளைபோசேற் என்ற களைகொல்லியைத் தடைசெய்து, 2018இல் தேயிலை, இறப்பருக்கு மட்டும் தளர்த்தியது. நோயின் வழக்கு அதோடு தீர்ந்துவிடவில்லை. நிக்கராகுவா, எல்சல்வடோர் கரும்புத் தோட்டங்களிலும் இதே மாதிரியான நோய் இருப்பதால் வெயிலைப் பற்றிய கேள்வி வலுத்திருக்கிறது.

தண்ணீருக்கு வருவோம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். புளோரைட், உலோகம் போகாது, கடினத்தன்மையிலும் ஒரு பகுதிதான் குறையும். தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் மிஞ்சியதில் புளோரைட்டும் உலோகமும் சற்றுக் கூடத்தான் இருக்கும். நிலையங்களில் மென்சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும் தண்ணீரில் இவை பெரும்பாலும் போய்விடும், ஆனால் அங்கே கேட்க மூன்று விடயம் உண்டு. சவ்வை எப்போது மாற்றினார்கள்? கானை எப்படிக் கழுவுகிறார்கள்? கழிவாக வரும் உப்பு கூடிய தண்ணீர் எங்கே போகிறது? கிணற்றுக்குப் பக்கத்தில் விட்டால் அடுத்த வீட்டுக் கிணறு கெடும். கையடக்கக் கருவியைத் தண்ணீரில் வைத்து 'இலக்கம் குறைவு, நல்ல தண்ணீர்' என்று காட்டுவார்கள். அது கரைந்த உப்பின் மொத்தத்தை மட்டும் சொல்லும், கிருமியைச் சொல்லாது. கிணற்றின் புளோரைட் அளவைச் சோதிக்கக் கொடுங்கள். இலங்கைத் தரம் லீற்றருக்கு 1 மில்லிகிராம். பிள்ளைகளின் பல்லில் வெள்ளைத் திட்டோ மண்ணிறக் கோடோ இருந்தால் அந்தக் கிணற்றைச் சோதிக்காமல் விடக்கூடாது. மழைநீர்த் தாங்கி உள்ள வீட்டில் முதல் மழையைக் கழுவவிட்டு, பிறகு பிடித்ததைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம்.

வேலை நேரத்தில் 15, 20 நிமிடத்துக்கொரு தடவை ஒரு கோப்பை, அதாவது 250 மில்லிலீற்றரளவு தண்ணீர் குடித்து நிழலில் ஆறுங்கள். (சிறுநீரகமோ இதயமோ ஏற்கனவே கெட்டவர்கள் இந்த அளவை வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.) தண்ணீரைப் பற்றி இவ்வளவு கதைக்கிறவர்கள் நாரி நோவுக்குப் பாமசியில் வாங்கும் டைக்ளோபினாக்கைப் பற்றிக் கதைப்பதில்லை. உடல் வற்றிய நிலையில் அதைப் போடுவது சிறுநீரகத்துக்கு நேரடி அடி. ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை சேர்ந்த கசாயமும் அப்படித்தான். அவற்றில் உள்ள அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு புற்றுநோயும் தரும் என்பது நிரூபணமானது. ஈஸ்வரமூலியை விசகடிக்கும் கொடுக்கிறார்கள். கடித்த பாம்பு புடையனென்றால் சிறுநீரகத்துக்கு இரண்டு பக்கத்தாலும் இடி. நட்சத்திரப் பழம் என்கிற காமரங்காயைச் சாறு பிழிந்து வெறுவயிற்றில் குடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள்.

*கேள்வி: காலபோக விதைப்புக்கு முன் எலிக்காய்ச்சல் குளிசை கொடுக்கிறார்கள். குடித்தால் நெஞ்சு எரிகிறது. குடிக்காமல் விட்டால் என்ன?*
— வாசகர், பரந்தன்

நெஞ்சு எரிவது குளிசையின் பிழையைவிடக் குடிக்கும் முறையின் பிழை. டொக்சிசைக்கிளின் தொண்டைக் குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும். கிழமைக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குளிசை இரண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய கிளாஸ் தண்ணீரோடு குடித்து அரைமணி நேரமாவது படுக்காமல் இருங்கள். பாலோடும் இரும்புக் குளிசையோடும் வயிற்றெரிவுக் குளிசையோடும் சேர்த்தால் மருந்து உடலில் சேராது. வெயிலில் தோல் சிவக்கும், நீளக்கை சேட்டும் தொப்பியும் தேவை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சின்னப் பிள்ளைகளுக்கு இது கூடாது. சேற்றில் இறங்கும் காலம் முழுக்க ஒவ்வொரு கிழமையும் எடுக்க வேண்டும். ஒன்றைக் குடித்துவிட்டு போகம் முழுக்கக் காப்பு என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

குளிசை குடித்தவருக்கும் காய்ச்சல் வரலாம். கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சலம் குறைந்து நிறம் கடுமையாவது என்றால் பொறுத்திருக்க வேண்டாம். வயலில் இறங்கினதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், இல்லாவிட்டால் டெங்கு என்ற வழியில் போய்விடும். முதல் கிழமையில் எலிக்காய்ச்சலுக்கான எதிர்ப்புடல் சோதனை 'இல்லை' என்று வருவது வழமை, எதிர்ப்புடல் உருவாக நாட்கள் வேண்டும். துண்டில் 'இல்லை' என்றதால் வைத்தியத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். கமக்கட்டு, அரைப் பக்கம் சிகரெட் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு இருந்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் காட்டுங்கள்.

*கேள்வி: மலேரியா ஒழிந்துவிட்டது என்கிறார்கள். பிறகேன் இந்தியா போய் வந்தவர்களின் விரலில் குத்துகிறார்கள், எங்கள் கிணற்றில் மீன் விடுகிறார்கள்?*
— வாசகர், மன்னார்

ஒழிந்தது நோய், நுளம்பு இல்லை. சான்றிதழுக்கு முன் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்ரோபரில், மலேரியா ஒழிந்ததற்கான உலக சுகாதார நிறுவனச் சான்றிதழ் 2016 செப்ரெம்பரில். அதே வருட முடிவில் உங்கள் மன்னாரிலேயே ஒரு புதிய வகை மலேரியா நுளம்பு பிடிபட்டது. இந்திய நகரங்களில் பரவுகிற வகை, குளத்தைவிடக் கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகும். கிணற்று மீன் குடம்பியைத் தின்னும், பிடித்து எறிய வேண்டாம். 1963இல் நாட்டில் 17 நோயாளர்தான் என்ற நிலை வந்து, கண்காணிப்புத் தளர்ந்து, 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சலென்றால் போன நாட்டைச் சொல்லி இரத்தம் சோதிக்கக் கேளுங்கள்.

*கேள்வி: 2009இல் பட்ட ஷெல் பீஸ் முதுகில் கிடக்கிறது. நாரிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க எழுதியிருக்கிறார்கள். எடுக்கலாமா?*
— வாசகி, புதுக்குடியிருப்பு

திகதி எடுக்கும்போதே பீஸ் இருப்பதைச் சொல்லுங்கள், மேசையில் ஏறிய பிறகு இல்லை. அந்த இயந்திரம் பெரிய காந்தம். இரும்பு சேர்ந்த துண்டு அதில் அசையும், சூடாகும். சதைக்குள் பல வருடம் கிடந்த துண்டைச் சுற்றித் தழும்பு கட்டியிருப்பதால் பலருக்கு எடுக்க முடிகிறது. கண், மூளை, முள்ளந்தண்டு நாண், பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் ஆபத்து. உங்கள் துண்டு முதுகில் என்பதால் முதலில் எக்ஸ்ரே எடுத்து இடத்தைக் கதிரியக்க வைத்திய நிபுணர் பார்க்க வேண்டும். கண்ணருகே காயப்பட்டவர்களுக்கும் அப்படியே. எடுக்க முடியாவிட்டால் சி.ரி. ஸ்கான் இருக்கிறது. பழைய எக்ஸ்ரே படத்தை எறியாமல் வைத்திருங்கள். உள்ளே போனபின் அந்த இடம் சுட்டாலோ இழுத்தாலோ கையில் தரும் பந்தை அழுத்துங்கள், பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம்.

துப்பாக்கிச் சன்னம் மூட்டுக்குள் கிடப்பவர்களுக்கு இன்னொரு விடயம். மூட்டு நீரில் ஈயம் மெல்லக் கரைந்து இரத்தத்தில் ஏறலாம். காரணமில்லாத வயிற்று நோவு, இரத்தச்சோகை, களைப்பு நீடித்தால் இரத்தத்தில் ஈய அளவு பார்க்கக் கேளுங்கள்.

*கேள்வி: பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வென்று வந்து இரத்தம் எடுக்கிறார்கள். கொடுக்கலாமா?*
— வாசகர், மல்லாவி

கொடுக்கலாம். மேலே சொன்ன எல்லாமே யாரோ கொடுத்த இரத்தத்தாலும் பதிலாலும் தெரிய வந்தவை. ஆனால் தமிழில் எழுதிய தகவல் தாளை வாசித்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். மறுத்தால் உங்கள் கிளினிக் வைத்தியத்தில் எதுவும் குறையக்கூடாது, இடையில் விலகவும் உரிமை உண்டு. ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: என் இரத்தத்தின் முடிவு எனக்கு எப்போது, யார் மூலம் வரும், கெட்டிருந்தால் எந்தக் கிளினிக்குக்கு அனுப்புவீர்கள்? கிரியற்றினின் கூடின ஒருவரின் இலக்கம் ஆய்வுக் கட்டுரையின் அட்டவணைக்குள் போய், அவருக்குச் சொல்லப்படாமலே இருந்துவிட இடம் கொடுக்கக் கூடாது. ஒப்பமிட்ட தாளின் பிரதி ஒன்றைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருங்கள்.